யார்மிலா தூக்கிவிடவில்லை

பெரும் பந்தயம் முடிந்த மறுநாள், அக்டோபர் மாதத்து ஈரமான திங்கட்கிழமை, யார்மிலா தன் முதலாளி பிராபெட்ஸின் குதிரை லாயத்தை விட்டுப் போனாள். சைக்கிள் கைப்பிடியில் ரப்பர் பூட்ஸ் இரண்டும் கட்டித் தொங்கின. பின்னால் ஒரு போர்வை, ஒரு தேநீர்க் குடுவை. தோளில் போட்டிருந்த தலைக்கயிற்றை வாசலில் வைத்து பிராபெட்ஸின் மனைவி கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"இது லாயத்துச் சாமான், யார்மிலா."

வருடக்கணக்கில் யார்மிலா எண்ணெய் தேய்த்து மென்மையாக்கிய தோல் அது. கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்தாள். அவள் வளர்த்த பெண் குதிரை சிர்கா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்ஸ் போட்ட நேரம்.

நான் அப்போது அந்த லாயத்தில் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே நானும் கிளம்பினேன். அயர்லாந்து, பிரான்ஸ், பிறகு ஜப்பானின் வடக்குத் தீவு. லாயம் உள்ள இடமெல்லாம் வேலை கிடைத்தது. கோபத்தையும் கூடவே கொண்டுபோனேன். அது கரையவில்லை. இப்போது திரும்பி வந்துவிட்டேன், அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

யார்மிலாவைப் பற்றி எங்கள் ஊரான பார்துபிட்ஸேயில் யாரைக் கேட்டாலும் ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பது யாருக்கும் தோன்றாது. லாபெ ஆற்றங்கரையில் சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் கூட்டுப் பண்ணையில் மாடு கறந்தாள். மாடுகள் அவளுக்கு அலுத்தன. "மாட்டுக்கு எல்லாமே தெரிஞ்ச மாதிரி ஒரு மூஞ்சி. குதிரைக்கு ஒரு எழவும் தெரியாது, அதனாலதான் பிடிக்கும்" என்பாள். ஒரு நாளும் குதிரைமேல் ஏறியதில்லை. ஏறச் சொன்னால் "நான் எதுக்கு? கீழேருந்தே நல்லாத் தெரியுது" என்பாள். மனிதர்களிடம் மரியாதையாகப் பேசுவாள், குதிரைகளிடம் கெட்ட வார்த்தையில் பேசுவாள். தேநீரில் ரம் ஊற்றிக் குடிப்பாள். தேன்ரொட்டி ஆலையில் உடைந்துபோன துண்டுகளைக் மலிவு விலைக்கு வாங்கி, பாதியைத் தான் தின்று பாதியை சிர்காவுக்குப் போடுவாள்.

சிர்கா என்றால் தீக்குச்சி. செந்நிறம், மெலிந்த உடம்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. குட்டியாக வந்தபோது யாரும் அதை நம்பவில்லை. யார்மிலா அதை நம்பினாளா என்பதும் சந்தேகம்தான். ஆனால் இரவும் பகலும் கூடவே இருந்தாள்.

எங்கள் ஊர்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது ஒரு திருவிழா. உழுத வயலின் சேற்றில் குதிரைகள் ஓட வேண்டும். ஓடி, வேலிகளையும் அகழிகளையும் தாண்ட வேண்டும். அதிலும் தாக்ஸிஸ் என்ற பெரிய வேலி. அதன் பின்னால் ஒரு பள்ளம், தாவும்போது குதிரைக்கு அது கண்ணில் படாது. அதை வருடத்தில் ஒரே ஒரு முறை, இந்தப் பந்தயத்தில் மட்டும்தான் தாண்டுவார்கள். பழக்குவதற்குக்கூட அனுமதி இல்லை. அதில் விழுகிற குதிரைகளின் பெயரை மறுநாள் பத்திரிகையில் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

எங்கள் ஊரில் வீரம் என்றால் விழாமல் இருப்பது அல்ல. விழுந்து, எழுந்து, மறுபடி ஏறுவது. அந்நாளில் பந்தய விதி அதை அனுமதித்தது. முகமெல்லாம் சேறு, கால் வைக்கிற அங்கவடி ஒன்று அறுந்து தொங்க, கடைசியாக வந்து சேருகிற ஜாக்கிக்கு ஜெயித்தவனைவிட அதிகக் கைதட்டல் கிடைக்கும். கிழவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். யாருடைய எலும்பைப் பணயம் வைத்து அந்தத் தொப்பி கழன்றது என்று எவனும் கேட்டதில்லை. அப்படி மறுபடி ஏற்றிவிடத்தான் குதிரைக்காரர்கள் தலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திடலின் நடுவில் காத்திருப்பார்கள். ஆளில்லாமல் வருகிற தன் குதிரையைப் பிடிக்க வேண்டும். ஜாக்கி ஓடி வந்து இடது காலை முழங்காலில் மடக்கி நீட்டுவான். குதிரைக்காரி அந்தக் காலைப் பிடித்து மேலே தள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. நினைப்பதற்கு நேரமில்லை. நினைக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவுமில்லை.

அந்த வருடம் சிர்காவை ஓட்டியவன் காமில். ஊர்ப் பையன், இரண்டு சின்னப் பெண்களின் தகப்பன், பாதி கட்டி நிற்கிற வீட்டின் சொந்தக்காரன். வசந்தத்தில் ஒரு முறை தலையில் அடிபட்டு நினைவிழந்திருந்தான். அடுத்த முறை அப்படி நடந்தால் ஜாக்கி உரிமம் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தாக்ஸிஸைச் சிர்கா பறவைபோலத் தாண்டியது. அதற்கு அப்புறம், வயலைக் கடந்து வருகிற பாம்பு அகழி என்ற தண்ணீர்ப் பள்ளத்தில், முன்னால் விழுந்து கிடந்த குதிரை ஒன்றைத் தவிர்க்கப் போய்த் தடுமாறி விழுந்தது. காமில் அக்கரையில் தலைகுப்புற விழுந்தான். சிர்கா எழுந்து நேராக யார்மிலாவிடம் வந்து நின்றது. அதற்குள் பாதிக் குதிரைகள் விழுந்திருந்தன. ஏறி ஓட்டினால் மூன்றாம் இடம் நிச்சயம். பார்வையாளர் மேடை முழுதும் எழுந்து நின்று கத்தியது: "ஏறு, ஏறு, ஏறு."

காமில் எழுந்தான். நடந்து வந்தான். சேணத்தைப் பிடித்தான். இடது காலை மடக்கி நீட்டினான்.

ஊர் பார்த்தது இதுதான்: ஒற்றைக் காலில் நின்றபடி காத்திருக்கிற ஜாக்கி, சும்மா நிற்கிற குதிரைக்காரி. கேமரா அவள் முகத்துக்கு அருகே போனது. அவள் கை ஒரு முறை அவன் முழங்காலுக்குப் போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது. லகானைப் பிடித்து குதிரையைத் திடலுக்கு வெளியே நடத்திக்கொண்டு போனாள். காமில் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

பிராபெட்ஸ் பளபளப்பான ஷூவோடு வயலில் ஓடி வந்தான்.

"என்ன பண்றே நீ? பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"கால் போச்சுங்க. முன்னங்கால். ஓடினா உடைஞ்சிரும்."

"எந்தக் கால்?"

"வலது."

வேலிக்கு அந்தப் பக்கம் பீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்: "ஏ கிழவி, உன் காலா குதிரை காலா?" எல்லோரும் சிரித்தார்கள். யார்மிலாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

லாயத்தில் கால்நடை மருத்துவர் சிர்காவின் நான்கு கால்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். நடக்க வைத்தார், ஓட வைத்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"சுத்தமா இருக்கு. நாளைக்கே ஓடலாம்" என்றார்.

பிராபெட்ஸ் திரும்பினான். "கேட்டியா? உன் கண்ணுல என்ன, மாவு விழுந்துச்சா?"

"எனக்குத் தப்பாத் தெரிஞ்சிருச்சு" என்றாள் யார்மிலா.

"தப்பாத் தெரிஞ்சிருச்சாம். நாடே பாத்துச்சு. பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் என் லாயத்துல தீனி போட முடியாது. காலையில கிளம்பு."

எனக்குப் புரியவில்லை. குதிரை நொண்டுகிறதா இல்லையா என்று இருட்டில் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவள் அவள். எப்படித் தப்பாகத் தெரியும்? கேட்டேன். "உனக்கு வேலை இல்லியா?" என்றாள்.

அடுத்த வாரம் காமில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். தோள் மட்டும் வலித்ததாம், மற்றபடி நன்றாக இருந்தானாம். "பொம்பளைங்க குதிரையைப் பிள்ளை மாதிரி வளர்ப்பாங்க, கடைசி நேரத்துல மனசு வராது" என்று பெருந்தன்மையாக மன்னித்திருந்தான். அயர்லாந்துக்குத் தபாலில் வந்த அந்தப் பத்திரிகையை டப்ளினில் ஓர் அழுக்கு அறையில் படித்துவிட்டுக் கிழித்தேன்.

அடுத்த வருடம் சிர்கா வேறொரு குதிரைக்காரியோடு போய் இரண்டாவதாக வந்தது. பிறகு இத்தாலிக்கு விற்றுவிட்டார்கள். குதிரை நன்றாக ஓடியதே யார்மிலாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மதுக்கடையில் யாராவது பீப்பாயைத் தூக்கத் தயங்கினால், "என்னடா யார்மிலா மாதிரி நிக்கறே?" என்பார்கள். பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள். அவள் யார் என்றே தெரியாத பிள்ளைகள். வேறு எந்த லாயமும் அவளை எடுக்கவில்லை. தேன்ரொட்டி ஆலைக்குப் போனாள். ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே வேலி தாண்டும் குதிரை வடிவத்தில் ரொட்டி செய்து, சர்க்கரைப் பாகில் ஜாக்கி வரைந்து விற்பார்கள். அவற்றை டப்பாவில் அடுக்குவது அவள் வேலை. காமில் மேலும் பல வருடங்கள் ஓட்டினான். விழுந்தான், எழுந்தான், ஏறினான். தொப்பிகள் கழன்றன.

நான் பல வருடம் கழித்துத் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அயர்லாந்துக்கு வந்தது. "அங்கே ஜாக்கி விழுந்தா டாக்டர் ஓடி வருவார் அத்தை. இது எந்த ஊர், எந்தக் குதிரை, எத்தனாவது பந்தயம்னு கேப்பார். பதில் தெரியலேன்னா ஏற விடமாட்டார்" என்றேன்.

யார்மிலா சிரித்தாள். "இங்க அவன்தான் என்னைக் கேட்டான்."

"யாரு?"

கத்தியைக் கீழே வைத்தாள். "காமில். வந்து நின்னான். எப்பவும் கெட்ட வார்த்தை பேசறவன், அன்னிக்கு அவ்வளவு மரியாதை. சிரிச்சுக்கிட்டே கேட்டான், 'யார்மிலாக்கா, எப்ப ஆரம்பிக்கிறாங்க?'ன்னு. அகழியெல்லாம் தாண்டி, விழுந்து, மூஞ்செல்லாம் சேறு. எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கறான். நான் சொன்னேன், 'இன்னும் நேரம் இருக்கு தம்பி, உக்காரு'ன்னு."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை.

"அப்போ குதிரைக் கால்?"

"வேற என்ன சொல்ல? தலைன்னு சொன்னா உரிமம் போயிரும். ரெண்டு பொண்ணு, பாதி வீடு. கால்னு சொன்னேன். குதிரைக்கு உரிமம் கிடையாதுல்ல."

"காமில்கிட்ட சொல்லலியா?"

"அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்லை. அவன் பொண்டாட்டி ரெனாட்டாகிட்ட சொன்னேன். காருக்குப் பக்கத்துல. ராத்திரி முழுக்க தூங்கவிடாதே, வேற ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, மாடிப்படியில விழுந்தான்னு சொல்லுன்னேன். சரின்னா."

"அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊர் உங்களைப் பாத்துச் சிரிக்கறப்போ வாயை மூடிக்கிட்டு இருந்தா."

"அவ வாயைத் திறந்திருந்தா நான் பொய் சொன்னதே வீண்."

எனக்குள் இருந்த கோபம் இடம் மாறியது. பிராபெட்ஸ்மேல், காமில்மேல், மேடையில் கத்திய ஊர்மேல் இத்தனை வருடம் வைத்திருந்ததை எடுத்து அவள்மேல் வைத்தேன். "நீங்க அன்னிக்கு ஒரு தடவைதான் தூக்கிவிடலை அத்தை. அந்தப் பொய்யால அப்புறம் ஒவ்வொரு தடவையும் நீங்கதான் தூக்கிவிட்டீங்க. உரிமம் போயிருந்தா அவர் கீழேயே இருந்திருப்பார். அப்புறம் எத்தனை தடவை விழுந்தார் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "ஒவ்வொண்ணையும் டிவியில பாத்தேன். விழறப்பல்லாம் என் கைதான் வலிச்சுது."

மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "இத வெளியில சொல்லாதே. இன்னும் அவனைப் பையன்களுக்குக் குதிரை ஓட்டச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடறாங்க. அந்தச் சோறும் போயிரும்."

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். நல்லவர்கள்மீது வருகிற கோபம்தான் செரிக்கவே செரிக்காது. இருந்தாலும் அவள் கேட்டுக்கொண்டபடி வெளியில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், காமிலிடமிருந்து பறிக்க இனி யாருக்கும் எதுவும் இல்லை என்பதால்தான்.

அடுத்த வருடம், பந்தயம் முடிந்து பனி விழத் தொடங்கிய பிறகு, யார்மிலா என்னைக் கூப்பிட்டாள். மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, கைப்பேசியில் ஏதோ வந்திருக்கிறது, வந்து படி என்றாள். போனேன். நின்றுகொண்டே சத்தமாகப் படித்தேன்.

"யார்மிலாக்கா, நான் ரெனாட்டா. ரொட்டி ஆலையில கேட்டு நம்பர் வாங்கினேன். நீங்க பண்ணினது எனக்கு அன்னிக்கே தெரியும், யார்கிட்டயும் சொல்லலை. அதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லை. காமில் இப்ப வீட்லதான் இருக்கார். பொண்ணுங்களை அடையாளம் தெரியலை. தினமும் காலையில கட்டில் பக்கத்துல ஒரு காலை மடக்கிக்கிட்டு நிக்கறார், எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு கேக்கறார். இன்னும் நேரம் இருக்கு, யார்மிலாக்கா குதிரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாதான் உக்காருவார். இப்ப நான் சொல்றதை நம்ப மாட்டேங்கறார். ஒரு தடவை வந்து நீங்களே சொல்றீங்களா?"