மிளகு சேராத கஞ்சி

பெரியண்ணன் இறந்த செய்தியை அவருடைய பங்காளி முத்துசாமி பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். “கடைசி வரைக்கும் எங்க கையாலதானுங்க சாப்பிட்டாரு” என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பொய்க்காகவே ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எனக்கும் பெரியண்ணனுக்கும் ஆகாது. சோளக்காட்டுச் சந்தையில் பழம் ஏலம் விடுபவர் அவர். பள்ளி வாசலில் பலாப்பழம் குவிக்கக்கூடாதென்று நான் மனுக் கொடுத்தேன். அடுத்த சந்தையில் அழுகல் பழம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “இது வாத்தியாருக்கு விட்டாச்சு!” என்று கூவினார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அதன்பின் நான்கு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. சென்னையில் ஆறு வாரம் கதிர்வீச்சு வைத்தியம். ஊரில் அதைக் கரண்டு வைத்தியம் என்றார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியவர் முத்துசாமியோடு நேரே என் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. “படி” என்றார். குரலில்லை, வெறும் காற்று. அதிலும் அதிகாரம் இருந்தது.

படித்தேன். காரம், புளிப்பு, சூடு ஆகாது. நீர்க்க, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிட வேண்டும். நிமிர்ந்து உட்கார வேண்டும். அடிக்கடி வாய் கொப்பளிக்க வேண்டும். முத்துசாமியும் நின்று கேட்டார்.

கேட்டவர் மறுநாளே மிளகு ரசம் வைத்தார். “நம்ம மலை மிளகுங்க, கெட்டதையெல்லாம் எரிச்சுப்போடும்.” பெரியண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார். முத்துசாமி வீட்டார் தாடையைப் பிடித்து ஊற்றினார்கள். உங்களில் சிலர் சுற்றி நின்று பார்த்தீர்கள். வெந்த தொண்டையில் மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நான் போய்ச் சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தேன். அன்றிலிருந்து என் மனைவி செல்லம்மாள் சாமையைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, பாலும் நெய்யும் விட்டு ஆற்றித் தருவாள், நான் கொண்டுபோவேன். யாராவது பார்த்தால் அவருக்குப் புரையேறும். அதனால் சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிப்பார். எச்சில் வற்றிய வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். நன்றி கிடையாது. “சப்புனு இருக்குது, உன் பாடம் மாதிரி” என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் டம்ளர் காலியாகும்வரை வாசலில் நிற்பேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாலில் ஊறிய இட்லி ஒன்று முழுதாக இறங்கியது. தட்டை என் பக்கம் தள்ளி, “நல்லாயிருந்துச்சுன்னு சொல்லமாட்டேன். நாளைக்கும் கொண்டா” என்றார்.

அதற்குப்பின் ஒன்றரை வருடம், கடைசி வரை என் வீட்டுச் சாப்பாட்டில்தான் இருந்தார். கடைசியில் நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இன்றும் எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காத ஒருவருக்கும் பதமாகக் கஞ்சி ஆற்றிக் கொடுக்க முடியும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நாளை உங்களில் யார் படுத்தாலும் என் வீட்டிலிருந்து கஞ்சி வரும். உங்களையும் எனக்குப் பிடிக்காது.