பத்தாவது ஆளுக்கான மந்திரம்

மரியபுஷ்பம் அக்கா என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்த முதல் நாள், அவருடைய வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர். அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை. கொடி தலைக்கு மேலே பந்தலில் ஓடும்; கவாத்து வெட்டுகிறவர் நாள் முழுக்கக் கையைத் தூக்கியே நிற்க வேண்டும். கை ஏறாவிட்டால் வேலை இல்லை.

"கவாத்துக்கு ரெண்டு மாசந்தேன் கெடக்கு சார். அதுக்குள்ள என் கையப் பந்தக் கம்பியத் தொட வச்சிருங்க."

ஒவ்வொரு ஸ்ட்ரெட்ச்சையும் இருபது விநாடி பிடிக்க வேண்டும். போனில் டைமர் வைத்தால், அதையே முறைத்துப் பார்த்துத் தோளை இன்னும் இறுக்கிக்கொண்டார். கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. நானும் கத்தோலிக்கன்தான். ஒரு யோசனை வந்தது.

"அக்கா, ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடிப்போம்."

ஆறு விநாடியில் முடித்துவிட்டார். கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற வேகம்.

"ஆமென்! கைய விடுங்க சார்!"

"மாதாவுக்கே புரிஞ்சிருக்காதுக்கா. மெதுவாச் சொல்லுங்க."

"எங்க, நீங்க சொல்லிக் காட்டுங்க."

நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தேன். பாதியில் நின்றேன். அடுத்த வரி வரவில்லை. முப்பது வருடமாக ஓடிக் கடந்த தெரு. நடந்து போனால் வழி தெரியவில்லை.

"பங்குச் சாமியாருட்டச் சொல்லவா சார்?" வலியிலும் சிரித்தார்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பத்து ஸ்ட்ரெட்ச், பத்து மந்திரம், பத்து ஆள். யாருக்காகச் சொல்கிறோமோ அவர் முகத்தை நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்வது. மகளுக்கான மந்திரம் அரை நிமிடம் நீண்டது. கைக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு ராவுத்தரம்மாவுக்கும் ஒன்று. வாராவாரம் கை ஏறியது. பத்தாவது ஆளுக்கு மட்டும் மறுபடி கண்டக்டர் வேகம்.

"யாருக்கா அது?"

"எங்க நாத்தனா ஜெசிந்தா. 'மதினிக்குக் கை போச்சு, வேற ஆளப் பாருங்க'ன்னு தோட்டக்காரருகிட்டச் சொன்னவ அவதேன். அவளுக்கு இந்த ஸ்பீடு போதும்."

"கடைசி ஸ்ட்ரெட்ச்தான்கா கைய மேல ஏத்தும்."

"அப்ப அவளக் கொண்டுபோயி முதல்ல வச்சிருவோம்."

வைத்தோம். முதலிலேயே தோள் இறுகி, மற்ற ஒன்பதும் கெட்டன. நடுவில் வைத்தோம். அங்கேயும் அதே கதை.

"பேசாம அவங்கள விட்ருவோமா?"

"அதெப்படி சார்? பேரச் சொல்லி ஆரம்பிச்சாச்சு. மாதா கேப்பாக."

கவாத்துக்கு மூன்று நாள் இருந்தது. விரலால் படிப்படியாக ஏறும் ஏணிப் பலகை ஒன்று கிளினிக் சுவரில் உண்டு. அதன் மேல்படிதான் பந்தல் உயரம். அக்காவின் விரல் ஒரு படி கீழே நின்றுகொண்டது. மறுபடி கடைசியில் ஜெசிந்தாவின் முறை. பல்லைக் கடித்து, சொல் சொல்லாக இறக்கி வைத்தார். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தில் சட்டென்று நின்றார்.

"சார், 'எங்களுக்காக'ன்னா யாரு?"

"நீங்களும் ஜெசிந்தாவும்தான்."

"ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்லயா?"

"நானும் இருக்கேன்."

"அடியாத்தீ! இத்தன வருசமா அந்தச் சிறுக்கியச் சேத்துக்கிட்டுத்தேன் மனுப் போட்ருக்கேனா!"

உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிக்கிற தோளுக்கு இறுகத் தெரியாது. விரல் மேல்படியில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, மந்திரத்தின் மிச்சத்தை அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கவாத்து ஆரம்பித்த அன்று மத்தியானம் போன் செய்தார். "கம்பியத் தொட்டாச்சு சார். எதுத்த வரிசையில ஜெசிந்தா நின்னா. அவ மூஞ்சியப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. பயந்துபோயிக் காப்பி வாங்கிக் குடுத்துட்டா."

இளைய தெரபிஸ்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: பேஷண்ட் சிரிக்கும்போது ஸ்ட்ரெட்ச் கொடுங்கள். ஜெபத்துக்கும் இதே விதிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எனக்கும் பிடிக்காத ஒருவர் உண்டு. தினமும் அவர் பெயரைச் சொல்லி, மெதுவாக ஆரம்பிக்கிறேன். 'எங்களுக்காக' வரைக்கும் வந்திருக்கிறேன்.