வெள்ளை ஒயினும் நெத்திலிக் கருவாடும்

நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததால் எங்கள் வீட்டுக்கு விளைந்த முதல் பலன் ஒரு பொய். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹங்கேரியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். இரண்டு வருடம் கழித்து லீவில் திருநின்றவூருக்கு வந்தவர் அந்த நாட்டு வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பெயர்தான் வெள்ளை, பார்க்க விளக்கெண்ணெய் நிறத்தில் இருந்தது. அவர் திரும்பிப் போகும் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு அதைத் திறப்பது என்று முடிவாயிற்று. ஒயினின் அருமை தெரிந்தவர் ஒருவராவது கூட இருக்கட்டும் என்று, எதிர் அடுக்குமாடியில் குடியிருந்த ஐ.டி.காரரையும் மாமா கூப்பிட்டுவிட்டார். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். அவளும் வருகிறாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அம்மா அன்று வைத்திருந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாமா வந்த நாளிலிருந்து அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தார். அம்மா கோயிலுக்குப் போட்டிருந்த மாலையை முந்தின நாள்தான் கழற்றினாள், அதுவரை வீட்டில் கவிச்சி கிடையாது. எனக்கோ வேறு கவலை. பள்ளியில் ஒருமுறை நான் கருவாடு வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்ததும் இதே பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்திருக்கிறாள்.

பாட்டிலின் பின்பக்கம் அந்த ஊர் மொழியில் ஏதோ அச்சடித்திருந்தது. "இன்னா இன்னா வெச்சிகினு சாப்பிடணும்னு போட்டுக்கீது போல. போன்ல படம் புடிச்சிப் பட்ச்சி சொல்லு பாப்பா," என்றாள் அம்மா. படம் பிடித்தேன். மீன், காரமான கறி, உப்புச் சீஸ், பழ இனிப்பு, இவையெல்லாம் இதற்குப் பொருந்தும் என்று போன் இங்கிலீஷில் காட்டியது.

"மீன், கருவாடு எதுவும் கிட்டயே வரக்கூடாதாம். சீஸும் பழமும்தான் வெச்சி சாப்பிடணுமாம்," என்று கூசாமல் வாசித்தேன்.

அம்மா கரண்டியோடு நின்றாள். மாமா பாட்டிலை வாங்கி அந்தப் பொடி எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா சொல்றது கரெக்ட்டுதான்க்கா. கொயம்ப எட்த்து பின்னால வெச்சிடு," என்றார்.

அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் துணி துவைக்கும் இடத்தில் மூடி வைத்தாள். அப்பா சீஸும் ஆப்பிளும் வாங்கக் கடைக்கு ஓடினார்.

மகளோடு வந்தவர் தூத்துக்குடிக்காரர். ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டுச் சீஸைக் கடித்தவர், மூக்கை உறிஞ்சினார். "கருவாட்டுக் கொழம்பு வாசம்லா வருது! சாப்பிட்டு எத்தன நாளாச்சு," என்றார்.

"பக்கத்து வீட்டுல அங்கிள்," என்று நான் முந்திக்கொண்டேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆப்பிள் நறுக்கினாள்.

நாலு மணிக்கு விமான நிலையத்துக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. "அட்த்த லீவுல வந்து துன்றேன்க்கா, உடு," என்று மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருடம். என் கன்னத்தைத் தட்டி, "நல்லா பட்ச்சிகினு இரு," என்றார். இரண்டு வருடம் அந்த ஊர்க் கடைகளில் சாமான் வாங்கித் தானே பொங்கித் தின்ற மனிதருக்கு, மீன் என்ற வார்த்தை கூடவா அவர்கள் எழுத்தில் தெரியாமல் போயிருக்கும்? விருந்தாளி முன்னால் என் தலை குனியக்கூடாது என்று அவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா குழம்பைச் சுடவைத்தாள். அப்பாவுக்கு ஊற்றினாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள். என் தட்டில் மோரை ஊற்றி ஓரமாக ஊறுகாய் வைத்தாள். கருவாட்டுக் குழம்பென்றால் எனக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும். யாரும் திட்டவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.