சென்னிமலையண்ணனுக்குச் சத்தமில்லாத ஃபேன்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஓடும் ஃபேனைக் கையில் கொடுத்தால் சென்னிமலையண்ணன் விலையைக் கேட்க மாட்டார், கம்பெனிப் பேரைப் பார்க்க மாட்டார். மேசைமேல் கிடக்கும் பழைய பவர் சப்ளையில் ஒயரைச் செருகச் சொல்வார். அது சுற்ற ஆரம்பித்ததும் சட்டைப் பையிலிருந்து நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை உருவுவார். மரப்பிடி, இருபது வருஷம் கை பட்டுப் பட்டுப் புளியங்கொட்டை மாதிரி மினுங்கும். நுனியை ஃபேனின் ஓரத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பேச வாயெடுத்தால் ஒரு கையை உயர்த்துவார். பென் டிரைவ் வாங்க வந்தவர்கள், பில் கேட்டு நிற்பவர்கள், கடைக்காரனான நான் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "இதுல பேரிங்கு சரியில்லீங்க தம்பி" என்பார். நான் அந்த டப்பாவைப் பிரித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எரிச்சல் வருமா வராதா? அவர் வேண்டாமென்று வைத்த ஒரு ஃபேனை, வீம்புக்கு, ஆடிட்டர் ஆபீசுக்கு மாட்டிவிட்டேன். நாற்பதே நாளில் அது கரகரவென்று அரைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவர் கண்ணை மூடினால் நானும் மூச்சு விடாமல் நிற்கப் பழகிக்கொண்டேன்.

பேர்தான் சென்னிமலை, ஊர் ஊத்துக்குளி. ஐம்பத்திரண்டு வயது. திருப்பூரில் இருபத்திரண்டு வருஷம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். ஆறு மெஷின் ஒரே கொட்டகையில் ஓடும்போது, மூன்றாவதில் ஓர் ஊசி உடைந்தால், துணியில் ஓட்டை விழுவதற்கு முன்னால் அவர் காதில் விழுந்துவிடுமாம். கை காட்டுவார், நிறுத்திப் பார்ப்பார்கள், ஊசி உடைந்திருக்கும். மற்ற கம்பெனிக்காரர்களும் பேரிங் பார்க்க வண்டி அனுப்பி இவரைக் கூட்டிப்போவார்கள். 'காதுக்காரர்' என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணு ஏமாத்துமுங்க தம்பி. காது பொய் சொல்லாதுங்க" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

அதைச் சொல்லும்போதும் கடை அதிரத்தான் சொல்வார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. நாம் பேசினால் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதிப் பேச்சு கையில்தான். மெஷின் ஓடும் இடத்தில் வாயால் பேசி ஆகிற காரியம் ஒன்றுமில்லை என்பதால் நிட்டிங்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. நூல் தீர்ந்தால் ஒன்று, முதலாளி வந்தால் ஒன்று, இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே போட்டுக் காட்டினால் மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். மத்தியானத்திலேயே இந்த மனுஷன் தண்ணியடிக்கக் கூப்பிடுகிறாரே என்று நான் மிரண்டு போனேன். டீக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

2008 பொங்கலோடு வேலையை விட்டார். "சத்தம் போதுமுங்க. இனி இருக்கற காலத்துக்குக் காதுக்கு லீவு" என்றார். படம் வரைகிற கை உண்டு. நூல் அட்டைப்பெட்டிமேலேயே மயிலும் மானும் வரைந்து தள்ளியவர். இரண்டு மாதம் கிளாசுக்குப் போய், எம்ப்ராய்டரி மெஷினுக்குப் பூ, பொம்மை டிசைன் போடும் வேலையைக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரை நான்தான் பாகம் சேர்த்துப் பூட்டிக்கொடுத்தேன். வினை அங்கே பிடித்தது.

மூன்றாம் வாரமே வந்துவிட்டார். "தம்பி, பொட்டி கத்துதுங்க."

போய்த் திறந்தேன். உள்ளே தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு. இந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கெல்லாம் அதுதான் வியாதி. ஊதிச் சுத்தம் செய்து, வேறு ஃபேன் மாட்டினேன். பத்து நாளில் அதையும் கழற்றிக்கொண்டு வந்தார். பனியன் வேஸ்ட் துணியில் குழந்தையைப் போலச் சுற்றி, நான்கு திருகாணியையும் தனியாக ஒரு பொட்டலம் கட்டியிருந்தார். அடுத்ததற்குச் சைக்கிள் டியூபை வெட்டித் திருகாணிக்கு அடியில் வாஷர் கொடுத்தோம், அதிர்வு தகரத்துக்கு ஏறாமல் இருக்க. நான்காவது, அகலமான இறக்கை. பன்னிரண்டு வோல்ட்டில் ஓட வேண்டியதை ஏழு வோல்ட்டில் மெல்ல ஓடும்படி ஒயரை மாற்றினேன். அது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் பின்னால் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வந்து நிற்கிறார்.

"முன்னைக்கு இப்ப எச்சுங்க தம்பி."

முன்னைவிட அதிகமாம். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்படித்தானுங்ண்ணா இருக்குது அந்தச் சத்தம்?"

"ஊசி ஒடைஞ்ச மிசினு தூரத்துல ஓடற மாதிரிங்க. ஙீன்னு ஒரே இழுப்பு. விட்டுவிட்டு வந்தாக்கூடத் தாங்கிக்கலாமுங்க."

"சிஸ்டத்த ஆஃப் பண்ணினப்புறம் நிக்குதுங்களா?"

"அப்பப் பக்கத்துக் கம்பெனி கேக்குதுங்க. ரெண்டு பக்கமும் ராத்திரி பகலா ஓட்டறாங்க. அத நான் நிறுத்த முடியுங்களா? என்ற ஊட்டுக்குள்ள ஓடறத நிறுத்தலாமுல்லீங்க." திருப்பூர் பி.என். ரோட்டுச் சந்துகளில் ஓடாத மெஷின் ஏது.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் மனைவி மருதாளக்கா கடைக்கு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாப்பாட்டு நேரத்தில் நடந்தே வந்திருக்கிறார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஊத்துக்குளி நெய். அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தப் பொட்டியில சத்தமே இல்லீங்க."

"தெரியுங்க்கா" என்றேன்.

"கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டேனுங்க. காது நரம்பு செத்துப்போச்சு, சத்தம் இவரு காதுக்குள்ளயேதான் இருக்குது, அது நிக்காது, பழகிக்கத்தான் வேணும்னு சொல்லிட்டாருங்க டாக்டரு. இவரு என்ன சொன்னாருங்கறீங்க? அந்த ரூம்புல ஏசி கத்துது, அது தெரியாதவரு என்ற காதப் பத்திச் சொல்றாருன்னு எந்திரிச்சு வந்துட்டாருங்க." பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "மனுசன் தூங்கி ஆறு மாசமாச்சுங்க. உக்காந்தே இருக்கறாரு. அந்தப் பொட்டி நின்னாத் தூங்கிருவேங்கறாரு. நீங்க மிசினு தெரிஞ்சவரு. நீங்க சொன்னாக் கேப்பாருங்க" என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நெய்யையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. சவரம் செய்த முகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. "அண்ணா" என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல என் வாயையே பார்த்தார். காதைத் தவிர வேறெதையும் நம்பாத மனுஷனிடம், உங்கள் காதுதான் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? என் வாயிலிருந்து வந்தது வேறு. "சென்னையில புதுசா ஒரு மாடல் வந்திருக்குதாமுங்க. வரவழைக்கட்டுங்களா?"

"அது போட்டா நின்னுருமுங்களா?"

"நின்னுருமுங்க."

அவர் முகம் தெளிந்தது. வியாபாரப் புத்தி என்று நீங்கள் சொன்னாலும் மறுக்க மாட்டேன். அந்த நெய்யைச் சோற்றில் ஊற்றித் தின்றுகொண்டுதான் இதைச் செய்தேன்.

சென்னைச் சரக்கு வந்துசேரத் தீபாவளி ஆகிவிட்டது. மறுநாளே மாட்ட வேண்டும் என்றார். தென்மாவட்டத்து ஆட்களெல்லாம் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள், கம்பெனி எதுவும் ஓடாது, காது கொடுத்துப் பார்க்க இதைவிட்டால் நாளில்லை என்பது அவர் கணக்கு. மத்தியானம் போனேன். சந்தில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் பெட்டியை மடித்த சாக்குமேல் வைத்து, மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டையை நிறுத்தியிருந்தார். திரையில் ஒரு பூ. ஐந்து இதழில் மூன்றுதான் முடிந்திருந்தது. ஆவணியில் நான் வந்தபோதும் அதே பூ, அதே மூன்று இதழ்.

மாட்டி ஓடவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஊன்றினார், கண்ணை மூடினார், கையை உயர்த்தினார். நான் நின்றேன். சமையலறை நிலையில் மருதாளக்காவும் நின்றார்.

"இருக்குதுங்க" என்றார்.

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷம் அது தினசரிப் பாடு. யூபிஎஸ் கீச்கீச்சென்று அடித்தது, அதையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். மற்ற நாளென்றால் அடுத்த நிமிஷம் கம்பெனி ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பித்துவிடும். அன்றைக்கு யாருமில்லை. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. எங்கோ இரண்டு வீடு தள்ளி யாரோ தட்டு கழுவினார்கள், அவ்வளவுதான். என்னை அறியாமல் "அப்பாடா" என்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி ஃபேனைப் பார்த்தார். இறக்கை நின்றிருந்தது. விரலால் ஒரு தடவை சுற்றிவிட்டார். அது அரைச் சுற்று போய் நின்றது. ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்துக் கேட்டார். கம்பெனிப் பக்கத்துச் சுவரில் வைத்துக் கேட்டார். தரையில் குந்தி உட்கார்ந்து சிமெண்டில் வைத்துக் கேட்டார். அப்புறம் கட்டில் காலில், ஜன்னல் கம்பியில். மருதாளக்கா நிலையிலிருந்தபடியே இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே போட்டுக் காட்டினார்.

"நிக்கலயே மருதா" என்றார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நின்னுருமுன்னு சொன்னீங்களே தம்பி." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி, அதன் நுனியைத் தன் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் ஊன்றி, மரப்பிடியை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே கேட்டுப் பாருங்க."

நான் குனிந்து பிடியில் காதை வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் பேசிவிடாமல் இருக்க ஒரு கையை உயர்த்தினார். பிறகு, எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று, மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.