கிடை போட்ட மூலை

கண்மாயில் செடி பிடுங்கப் போகிறேன் என்று அப்பா சொன்னால், தெருவில் ஒருவராவது "செடி நடப் போறீகளா?" என்று திருத்துவார். நட இல்லை, பிடுங்க. எத்தனை முறை சொல்வது? பிள்ளைகளா, உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் நம் கண்மாயில் உள்ளான் குருவிகள் வந்து இறங்கும். குளிர் நாட்டிலிருந்து வருகிற சின்னப் பறவை. நீண்ட அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் புழு எடுக்கும். அதற்குத் திறந்த சேறு வேண்டும். பக்கத்தில் புதர் இருந்தால், கீரியோ பூனையோ பதுங்கியிருக்கும் என்று இறங்காமலே போய்விடும். ஆனால் சீமைக்கருவேலம் விடுமா? ஈரம் கண்ட இடமெல்லாம் முளைக்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கினால் உண்டு. விட்டால், பிறகு வெட்ட வெட்டத் தழைக்கும்.

பிடுங்குவது நாங்கள் சில பேர்தான். அச்சாபீசில் வேலை பார்க்கும் நான், ஒரு நர்ஸ், பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற இரண்டு பெண்கள், ஆடு மேய்க்கும் ஒரு அண்ணன். ஞாயிறு கோயில் ஜெபம் முடிந்து நான் போவதற்குள் அந்த அண்ணன் பாதி வேலையை முடித்திருப்பார். கை வேகம் அப்படி.

தீபாவளி சீசனில் எங்களுக்கு ஞாயிறும் வேலை. அண்ணனும் ஆடுகளோடு வேறு ஊர்ப் பக்கம் போயிருந்தார். தீபாவளி முடிந்து லீவு விட்ட பிறகுதான் எல்லாரும் போனோம். வடக்கு மூலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மற்ற இடங்களில் அங்கொன்று இங்கொன்றுதான் முளைத்திருந்தது. அங்கே மட்டும் பாய் விரித்த மாதிரி கருவேலங்கன்று, முழங்கால் உயரத்துக்கு.

"யாரோ நாத்துப் பாவுன மாதிரில்லா இருக்கு" என்றார் நர்ஸ்.

அண்ணன் முகத்தில் பெருமை. "அங்கன நாந்தான் கோடையில கிடை போட்டிருந்தேன். ராத்திரி ஆடுகளை அடைச்சா புழுக்கை விழும்லா? சேத்துக்குச் சத்து. புழு நெறைய வரும், குருவிக்குத் தீனி. தோட்டக்காரக நெலத்துல கிடை போட்டா துட்டு வாங்குவேன். இது சும்மா."

நல்ல மனசு. அதுதான் எரிச்சலே. திட்டவும் முடியவில்லை.

பகலெல்லாம் அவர் ஆடுகள் தின்பது கருவேல நெற்று. அதன் விதை செரிக்காமல் அப்படியே வெளியே வரும். கரையில் கிடந்த புழுக்கையைக் குச்சியால் உடைத்துக் காட்டினேன். உள்ளே விதை முழுசாக இருந்தது.

"அண்ணே, நாம புடுங்கப் புடுங்க உங்க ஆடு பின்னாலயே நட்டுட்டு வருது."

"என் ஆடு திங்கத்தான் செய்யும். நடாது."

"கோவிச்சுக்கிறாதீக. கண்ணால பாருங்க."

"இம்புட்டு நாளும் முள்ளுல கை கிழிஞ்சதுக்கு இதான் பேரு, என்ன?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சப் பேர் பிடுங்கினோம். மூலை குறைந்த மாதிரியே தெரியவில்லை. சாயங்காலம் ஒரு கூட்டம் உள்ளான் வந்தது. அந்த மூலைக்கு மேலே தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்காமல் போனது. இப்படியே விட்டால் வேறு கண்மாய் பார்த்துப் போய்விடும். அண்ணன் இல்லாமல் எங்களால் முடியாது.

மறுநாள் காலையில் வந்தார். என்னை விட்டுவிட்டு நர்ஸைப் பார்த்துச் சொன்னார். "சிஸ்டர், அவுககிட்டச் சொல்லிருங்க. ஆடுகளை வீட்டுல கட்டிட்டு வந்திருக்கேன். நெத்துத் தின்ன ஆட்டை இனிமே கண்மாய்க்குள்ள அடைக்க மாட்டேன்."

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். "கேக்குதுண்ணே" என்றேன்.

"உங்களைக் கேக்கச் சொல்லல."

குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் பிடுங்கிப் போட, நாங்கள் அள்ளிக் கரையில் சேர்த்தோம். பாதி மூலை திறந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கூட்டம் மறுபடியும் வந்தது. ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், எங்கள் கால் தடம் காயாத சேற்றிலேயே இறங்கி மேய ஆரம்பித்தது. இன்னொரு கன்றை இழுத்தால் பறந்துவிடும். எல்லாரும் இருந்த இடத்தில் அப்படியே குத்தவைத்தோம். கால் மரத்துப்போனது. எதிரே பாதி மூலை கருவேலம் நிற்கிறது.

"மத்தியானத்துக்கு மேல வந்தா என்னவாம்?" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "ஒரு வேலையையாச்சும் முழுசா முடிக்க விடுதா பாருங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.