கத்தரி படாத முடி

இரண்டே முக்கால் வருஷமாக என் தலையில் கத்தரிக்கோல் படவில்லை. நுனி பிளந்தது. குளிர்காலத்தில் காயவே காயாது. குளியலறைத் துளையை வாரம் ஒரு முறை நானே குச்சி விட்டுக் குடைய வேண்டியிருந்தது. அப்படியும் படவில்லை. பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. ஜெர்மனியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் என்ன எண்ணெய் போடுகிறாய் என்று கேட்காத ஆளில்லை. என்னவென்று சொல்வது? அது என் முடியே இல்லை. திருத்தணி மலைக்கு நேர்ந்துவிட்ட முடி.

மகளுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் மூளைவரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, முருகா, இவள் கண்ணைத் திறந்தால் என் தலையை மொட்டையடித்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று கொத்து நறுக்கிக் கொடுக்கும் பூமுடி இல்லை, முழு மொட்டை. மறுநாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நேர்ந்த முடியில், கொடுக்கும்வரை கத்தரி வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கணவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என் மாமன் மகன். பொதட்டூர்பேட்டையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர். பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஆட்கள் இருந்தால் நீங்க, இல்லாவிட்டால் நீ. சொந்த அக்கா மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனிதர். என்னிடம் பூமுடி போதாதா என்று பேரம் பேசுவார். முருகனிடம் பேரம் பேச எனக்குத் தைரியம் இல்லை. அதனால் மலைக்குப் போகணும் என்று மட்டும் சொல்லி வந்தேன். "ஆங், போலாம்" என்பார். முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆபீசில் நெருக்கடி. இந்த ஆடிக்குக் கட்டாயம் என்றார்.

ஆடிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் அந்த அரண்மனைத் தோட்டத்துக்குப் போனோம். கீழ் மாடியில் இருந்த கோயம்புத்தூர்த் தம்பதியின் காரில் ஒன்றரை மணி நேரம். பழைய ராஜா ஒருவர் வெயில் காலத்தில் வந்து தங்கக் கட்டிய அரண்மனையாம். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டம். ஒரு செடியைக்கூட அதன் போக்கில் விடவில்லை. உருண்டை, கூம்பு, சதுரம் என்று எல்லாவற்றையும் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்த வெட்டுகளைப் பார்க்கப் பார்க்க என் தலை அரித்தது. புல்லில் கால் வைக்கக் கூடாது என்று பலகை. உட்கார மட்டும் ஓரமாக ஒரு திட்டு. அங்கே ஜமுக்காளம் விரித்துப் புளிசாதத்தைப் பிரித்தோம்.

இரண்டாவது வாய் எடுக்கும்போது கணவர் சொன்னார், எதிரே இருந்த நண்பரைப் பார்த்தபடி. "ஆகஸ்ட்ல இத்தாலி புக் பண்ணிட்டேங்க. ரெண்டு குடும்பமும் ஒண்ணாவே போயிடலாம்."

நண்பர் கைதட்டினார். அவர் மனைவி என் தோளைத் தட்டி, "அக்காவுக்கு சர்ப்ரைஸுங்க, மூஞ்சியப் பாருங்க" என்றாள்.

என் மூஞ்சியில் என்ன இருந்ததோ தெரியாது. வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்கினேன். "அப்போ ஊருக்கு?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அழுதால் நாலு பேர் பார்ப்பார்கள். எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்றால் கார் அவர்களுடையது, சாவி நண்பரின் சட்டைப்பையில். சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

குளத்தை ஒட்டி ஒரு ரோஜாப் பந்தல். நடந்து போகிற பாதை முழுக்க வளைவு வளைவாகக் கம்பி கட்டிக் கொடி ஏற்றியிருந்தார்கள். நண்பரின் மனைவி பின்னாலேயே போனோடு வந்துவிட்டாள். "முடிய விரிச்சு விட்டுட்டு நில்லுங்கக்கா, போட்டோ நல்லா வரும்." நான் மறுக்கவில்லை. அன்றைக்கு எதையும் மறுக்கத் தெம்பில்லை. பின்னலை அவிழ்த்துவிட்டு நின்றேன். குளத்தின் பக்கமிருந்து காற்று குபீரென்று அடித்தது. நகரப் பார்த்தேன், தலை வரவில்லை.

அவள் இழுத்தாள். நான் திரும்பினேன். திரும்பத் திரும்ப இன்னும் சிக்கியது. பிடரியிலிருந்து நுனிவரை முள்ளில் மாட்டிக்கொண்டு, முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடி நின்றேன். வேடிக்கை பார்க்க நாலைந்து வெள்ளைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பாட்டியம்மா பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். நல்ல மனசுதான். நண்பரின் மனைவி அதை வாங்கி, "ஒரு நாலு விரக்கடைதானுங்கக்கா, தெரியவே தெரியாது" என்று கிட்டே வந்தாள்.

"கத்தரி வைக்காத" என்று கத்தினேன். பந்தல் முழுக்கக் கேட்டிருக்கும். மகள் பயந்து அழுதாள். கணவர் ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு இப்போ? முடிதானே? வெட்டுனா வளராதா?"

"கத்தரி படக் கூடாதுங்க."

"ஏன்?"

அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, கத்தரிக்கோலைப் பாட்டியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். மகளை வாத்துக் காட்டக் கூட்டிப் போகும்படி நண்பரின் மனைவியிடம் சொன்னார். கூட்டம் கலைந்தது. எனக்குப் பின்னால் வந்து நின்று நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தார். தறிக்காரர் வீட்டில் பிறந்தவர், நூல் சிக்கை இழுக்காமல் தளர்த்தி எடுக்கத் தெரியும்.

"இப்போ சொல்லு" என்றார்.

"இது மலையோடது பாவா. கொழந்தைக்காக மொட்டை நேந்துகினு இருக்கேன். ஆஸ்பத்திரியில வச்சு."

விரல்கள் நின்றன. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குளமும் அதில் ஒரு வாத்தும்தான் தெரிந்தன. சிரிப்பார் என்று காத்திருந்தேன். இல்லை.

"நானும்தான் ஒண்ணு சொன்னேன்" என்றார். "நீ உள்ள இருந்தே. நான் வெளிய வராண்டாவுல நின்னுகினு இருந்தேன். டாக்டர் வந்து கைய விரிச்சிட்டுப் போனான். கொழந்தைய குடுத்துடு, இந்த ஊரும் வேணாம், இந்த வேலையும் வேணாம், பொட்டிய கட்டிகினு உங்கிட்டயே வந்துடறேன்னு சொல்லிட்டேன்."

"முருகன்கிட்டயா?"

"பின்ன டாக்டர்கிட்டயா?" ஒரு கொத்து முடி விடுபட்டு என் தோளில் விழுந்தது. "இவ எழுந்து உக்காந்தா. அதே வாரம் வேலைய பர்மனென்ட் பண்ணி லெட்டர் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டேன். எந்த மூஞ்சிய வச்சிகினு மலை ஏறச் சொல்றே?"

லீவு இல்லாததும் ஆபீஸ் நெருக்கடியும் இத்தாலியும் எனக்கு அப்போதுதான் விளங்கின. இந்த மனிதர் மூன்று வருஷமாக என்னிடமிருந்து தப்பவில்லை, முருகனிடமிருந்து தப்பிக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் மட்டும் சொன்னேனாக்கும்.

"அப்போ ஊரோட போயிடலாம் பாவா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. மகளுக்குத் தமிழில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அவள் மருந்து, அவள் டாக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் ஜெர்மனியில். எனக்கும் அந்தச் சின்ன வீடும், எதற்கும் யாரும் வந்து கேள்வி கேட்காத கதவும் பழகிப்போயிருந்தன. வாயை மூடிக்கொண்டேன். அவரும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். வரவில்லை என்றதும் மறுபடியும் சிக்கெடுத்தார்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு மயிரிழைகூட வெட்டுப்படவில்லை. முள்ளில் அறுந்து நின்ற இழைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அவர் விரல்களில் ரத்தம். மறுநாள் இத்தாலியை ரத்து செய்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போட்டார். இரண்டு டிக்கெட். எனக்கும் மகளுக்கும்.

ஆடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை மலை ஏறினோம். முடியெடுக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். முதல் இழுப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கத்தி குளிர்ந்ததாலும் இருக்கலாம். சுருட்டி வைத்திருந்ததையும் பர்ஸிலிருந்து எடுத்து அந்தக் குவியலில் போட்டேன். குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, வெளியே வந்து அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

என் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "நல்லாத்தான் கீது" என்றார்.

"அப்பா, கோயில் பாருப்பா" என்று மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கோபுரத்தின் பக்கம் திருப்பப் போனாள்.

"வேணாம்மா, திருப்பாத" என்றார் அவர்.

அவள் திருப்பிவிட்டாள். எங்கள் திரையில் அவர் முகம் இருந்த இடம் கறுப்பானது. கேமராவை அணைத்துவிட்டார். தொடர்பு போகவில்லை, அவர் மூச்சுவிடுவது கேட்டது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து கேட்டார்: "அங்க கூட்டமா?"