கராம்புத் தண்ணீர்

குணரத்தினம் அண்ணை வேலை முடிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பாதி மீன் வெடுக்கு, பாதி கராம்பு வாசம். "மீன் பிரியாணி வருது" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் வலது மணிக்கட்டில் பழைய பல் தழும்பு ஒன்று இருந்தது. அந்த மீனுக்கு நல்ல பல்லுப் போல என்று அதையும் விட்டுவைக்கவில்லை. மனுசன் ஒருநாளும் சிரித்ததில்லை.

இத்தாலியில் நாங்கள் குடியிருக்கிற பிரான்காச்சோவில் எங்களுக்கு மேல்மாடியில் அவரும் மனைவி ஞானாம்பிகை அக்காவும் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சிஞ்ஞோராமார் என்கிற இந்நாட்டு வீட்டுக்காரிகளின் வீடு துடைக்க, அண்ணைக்கு மட்டும் மீன் ஆராய்ச்சிக்கூடமொன்றில் ஒப்பந்த வேலை வாய்த்தது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் இருவரும் நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸோவைப் புதுப்பிக்க வேண்டும்.

மீனைப் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலை. கராம்பிலிருந்து எடுத்த மயக்க மருந்தைத் தொட்டித் தண்ணீரில் கலப்பார்கள். வளர்ப்பு மீன் மூச்சுவிட, மருந்து செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும். மீன் மல்லாந்ததும் தூக்கி, ஊசியால் இரத்தம் எடுத்து, நல்ல தண்ணீரில் விட வேண்டும். அங்கே மருந்து பெரும்பாலும் வந்த வழியாலேயே வெளியேறும். அது எத்தனை வேகத்தில் இறங்குகிறது, தசையில் எவ்வளவு தங்குகிறது என்று கிளறா என்ற ஆய்வாளர் அளந்துகொண்டிருந்தாள். நாளைக்கு யாரோ சாப்பிடப் போகிற இனமல்லவா.

மல்லாந்த மீனை அண்ணை உடனே தூக்கவில்லை. யாரும் பார்க்காதபோது இன்னும் கொஞ்சம் கராம்புத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். ஊசி படும்போது வால் துடித்துவிடுமோ என்று பயம். சொன்ன நேரம் போதும் என்பது அவருக்கு விளங்காமலில்லை. கை கேட்கவில்லை.

வன்னியில், போரின் கடைசி மாதங்களில், பள்ளிக்கூடமொன்று ஆஸ்பத்திரியாகக் கிடந்த இடத்தில் அக்காவின் இடது கையை எடுத்தார்கள். மயக்க மருந்து முடிந்துபோயிருந்தது. அக்காவை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணை. இதை அக்கா என் மனைவியிடம் ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார். புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

கிளறாவின் அளவுகள் குழம்பின. கூடுதல் நேரம் ஊறிய மீன்களின் இரத்தத்தில் மருந்து குறையவேண்டிய வேகத்தில் குறையாமல் நின்றது. பாவம், தன் கணக்கையே சந்தேகப்பட்டாள். பிறகு ஒருநாள் ஒரு மீன் எழும்பவேயில்லை. அண்ணை அதன் செவுளுக்குள் தண்ணீர் போகட்டுமென்று முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு நிற்க, கிளறா வந்து பார்த்தாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மாதக்கணக்கான வேலை வீணாகிப்போனது. இனி வரவேண்டாம் என்றார்கள்.

அன்று பேருந்தில் அவர் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனுக்கு இரக்கம் பார்த்து நாட்டில் இருக்கிற உரிமையையே தொலைக்கிறதா? அக்காவுக்கு முன்னால் வைத்து நாலு வார்த்தை கேட்பதென்று கூடவே மாடியேறினேன்.

அக்கா ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணை கதவடியில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"எத்தினை செத்தது?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்டு."

"மற்றதுகளுக்கு ஊசி குத்தினது தெரியேல்லையோ?"

"இல்லை. ஒண்டும் தெரியேல்லை."

அக்கா வெங்காயத்தை மேசையில் வைத்தார். பெர்மெஸோ பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அண்டைக்கு நான் உங்கட கையைக் கடிச்சுப்போட்டன்," என்றார். "நொந்ததோ?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனை தரம் அந்தத் தழும்பை வைத்துப் பகிடி பண்ணியிருப்பேன்.

"ஓம், நொந்தது," என்றார் அண்ணை. அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினார். கேட்க வந்ததைக் கேட்காமல் நான் படியிறங்கினேன்.